புத்தகத்துக்கு எண் போடுவது யார்?

நூலகத்தில் ஒரு புத்தகம் எந்த அலமாரியில் நிற்கிறது என்பதும் அரசியல்தான், தோழர்களே.

1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றிய அமெரிக்க நூலகங்கள், கறுப்பின மக்களின் புத்தகங்களைப் பெரும்பாலும் இரண்டே எண்களில் அடைத்தன. 325 என்றால் காலனியம், 326 என்றால் அடிமைமுறை. கறுப்பினக் கவிஞரின் கவிதைத் தொகுப்புகூட கவிதைப் பிரிவுக்குப் போகாமல் 325க்குப் போனது.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், கறுப்பின வரலாற்றுத் தொகுப்பின் பொறுப்பை 1930இல் ஏற்றார் டோரத்தி போர்ட்டர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த இரண்டு எண்களையும் அவர் ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார். வாங்கப் பணமில்லாதபோது பதிப்பாளர்களிடம் புத்தகங்களைக் கேட்டுப் பெற்றார். 1973இல் ஓய்வு பெறும்வரை, 43 ஆண்டுகள் இதே வேலை.

இன்று அட்டைப் பெட்டிகளின் இடத்தில் கணினி இருக்கிறது. ஆனால் நூலகப் பட்டியலில் கணினி தேடுவது, மனிதர்கள் பதிந்து வைத்த தலைப்புச் சொற்களைத்தான். தலித் எழுத்தாளரின் நாவலுக்குச் ‘சாதிப் பிரச்சினை’ என்று மட்டும் தலைப்பிட்டால், ‘தமிழ் நாவல்’ என்று தேடும் மாணவருக்கு அது கிடைக்காது. ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினாலும் புதைந்துதான் கிடக்கும். பழைய பாகுபாடு புதிய இயந்திரத்துக்குள் அப்படியே குடியேறிவிடும்.

நூலக அறிவியலை, வேறு இடம் கிடைக்காதவர்களின் படிப்பு என்று ஒதுக்காதீர்கள். அதையும் கணினியையும் சேர்த்தே படியுங்கள். பல்கலைக்கழக நூலகங்களில் தலைப்பிடும் கைகளில் நம் கைகளும் இருக்க வேண்டும்.