காவல் காது: பேபி மொனிற்றர் வந்த கதை

ரொறன்ரோவில் இருக்கிற அக்காவுக்கு வாற மாசியில் பிள்ளை பிறக்கப்போகுது. போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. பிள்ளையின் காலில் சொக்ஸ் மாதிரிப் போட்டுவிடும் ஒரு கருவி. நாடித்துடிப்பையும் ஒட்சிசனையும் அளந்து போனுக்கு அனுப்புமாம், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. "நீதானே வரலாறு படிக்கிறாய், இது தேவையோ இல்லையோ எண்டு பாத்துச் சொல்லன்" எண்டா. வரலாறு படிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்புத்தான் வந்தது. தேடத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பேபி மொனிற்றரின் கதை ஒரு கடத்தலில் தொடங்குகிறது. 1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் 20 மாதக் குழந்தையை யாரோ ஏணி வைத்து மாடி அறைக்குள் ஏறித் தூக்கிச் சென்றார்கள். தாய், தகப்பன், பிள்ளையைப் பார்க்கும் தாதி எல்லோரும் அந்த நேரம் வீட்டில்தான் இருந்தார்கள். மரம் முறிவது போல ஒரு சத்தம் லிண்ட்பேர்க்கின் காதில்கூட விழுந்தது. குசினியில் ஏதோ பெட்டி விழுந்திருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். மே 12இல் பிள்ளையின் உடல்தான் கிடைத்தது.

அமெரிக்கப் பெற்றோருக்கு அதற்குப் பிறகு நித்திரை இல்லை, அதிலும் காசு உள்ளவர்களுக்கு. சிக்காகோவின் செனித் வானொலிக் கொம்பனியின் தலைவர் யூஜின் மக்டொனால்டும் தன் கைக்குழந்தையை நினைத்துப் பயந்தவர்களில் ஒருவர். அவருடைய கொம்பனி 1937இல் செய்ததுதான் 'ரேடியோ நேர்ஸ்'. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் பெயர் 'கார்டியன் இயர்', அதாவது காவல் காது. பெற்றோரின் அறையில் ஒலிபெருக்கி. சத்தம் வீட்டின் மின்சார வயர் வழியாகவே போகும். அந்த ஒலிபெருக்கியை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி, பின்னாளில் உலகம் கொண்டாடிய சிற்பி. பேக்கலைற்றில் செய்த, கண் மூக்கு இல்லாத ஒரு முகம். படத்தைப் பாருங்கள், எனக்கென்றால் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. (நொகுச்சியின் தகப்பன் ஜப்பானியர். யப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த அரிசோனா முகாமொன்றுக்குள் 1942இல் தானாகவே போய் இருந்தவர். அது தனிக் கட்டுரைக்குரிய கதை.)

விலை 19.95 டொலர். 1938இல் அமெரிக்காவில் சட்டமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சதம். 80 மணித்தியாலம் உழைத்தால்தான் ஒன்று வாங்கலாம். வாங்கினாலும் வேறு வானொலிச் சத்தங்கள் குறுக்கிட்டன என்று முறைப்பாடு. பெரிதாக விற்கவில்லை. இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. அந்தக் கருவி லிண்ட்பேர்க் வீட்டில் இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்? சத்தம்தான் ஏற்கெனவே கேட்டதே.

பிறகு பயம் வேறு பக்கம் திரும்பியது. நன்றாக இருந்த பிள்ளை நித்திரையிலேயே இறந்துபோவதைப் பற்றிய பயம். 1972இல் அல்பிரட் ஸ்ரைன்ஷ்னைடர் என்ற மருத்துவர் ஐந்து குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நித்திரையில் மூச்சு இடைக்கிடை நின்றுபோவதுதான் இந்த மரணங்களுக்குக் காரணம், அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்றது அது. வீட்டில் வைத்து மூச்சைக் கண்காணிக்கும் கருவிகள் அதன் பிறகு பரவின. ஆனால் அந்த ஐவரில் இரண்டு பேர், ஒரே தாயின் பிள்ளைகள், மூச்சுக் கருவியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டும் இறந்தவர்கள். அந்தத் தாய் வனீற்றா ஹொய்ற். அவர்கள் உட்படத் தன் ஐந்து பிள்ளைகளையும் கொன்றதாக 1995இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மேன்முறையீடு விசாரிக்கப்படுமுன்னரே 1998இல் சிறையில் இறந்துபோனார்.

இதை வாசித்த இரவு எனக்கும் நித்திரை வரவில்லை. இருபது வருசமாக எத்தனை தாய்மார் இயந்திரம் கத்தும்போதெல்லாம் அடித்துப் பிடித்து எழும்பியிருப்பார்கள்!

உண்மையில் பிள்ளைகளைக் காப்பாற்றியது காசு செலவில்லாத ஒரு விசயம். குப்புறப் படுக்கவைக்காமல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்கவையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் சொன்னது. 1994இல் அது நாடு தழுவிய பிரசாரமானது. பத்து வருசத்துக்குள் இந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. இவற்றைத் தடுப்பதற்கென்று வீட்டு மூச்சுக் கருவிகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2003இல் அதே கழகம் எழுதியது. குறைப்பிரசவப் பிள்ளைகள் சிலருக்கு மருத்துவர் தருவது வேறு கணக்கு.

அம்மாவிடம் சொன்னேன். "உங்கள் ரெண்டு பேரையும் ஏணையில போட்டிட்டுத்தான் சமைச்சனான். அழுதா கேக்கும்தானே" எண்டா. கேட்கும்தான். எங்கள் குசினிக்கும் விறாந்தைக்கும் ஆறு எட்டு. அம்மம்மாவும் பக்கத்தில் இருந்தா. அக்காவுக்கு அங்கே அம்மம்மா இல்லை, அத்தானுக்கு இரவு வேலை, உடுப்புத் தோய்க்கிற மெசின் கீழ்மாடியில். அதனால் 'ஒன்றும் வேண்டாம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காலில் போடுகிறதை விடு, முதல் ஆறு மாதமாவது தொட்டிலை உன்ர கட்டிலுக்குப் பக்கத்தில் போடு, கீழ்மாடிக்குப் போய்வர மட்டும் சத்தம் கேட்கிற மலிவான ஒன்றை வாங்கு என்று எழுதினேன். ரெண்டு நீல ரிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "அத்தான் நேற்றே ஓடர் பண்ணிட்டார். திருப்பிக் குடுக்கலாமோ எண்டு பாக்கிறன்."