தாஹோ ஏரியில் ஒரு மேக்கினா மீன்

ஜனவரி மாதம், விடிய இன்னும் நேரம் இருக்கிறது. படகுத்துறைப் பலகையெல்லாம் பனி உறைந்து காலை வழுக்குகிறது. "இந்தக் குளிர்ல மீனே தூங்கிட்டிருக்கும்டா, நாம எதுக்கு வந்தோம்?" என்றேன். நண்பன் சிரித்தான். "நாம தேடுற மீனுக்குக் குளிர்தான்டா வேணும். வெயில் காலத்துல அது இன்னும் ஆழத்துக்குப் போயிடும்."

கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்கு போட்டுக்கொண்ட ஏரி தாஹோ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் 35 கி.மீ., அகலம் 19 கி.மீ., ஆழம் 501 மீட்டர். சுற்றிலும் ஆளுயரப் பனி கிடந்தாலும் ஏரி உறைவதில்லை. குளிர்ந்த மேல் நீர் கனத்துக் கீழே இறங்கும், கீழே இருப்பது மேலே வரும். அவ்வளவு தண்ணீரும் குளிர்ந்து முடிப்பதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும். அதனால்தான் ஜனவரியிலும் அங்கே படகு ஓட்ட முடிகிறது.

நாங்கள் செய்தது ட்ரோலிங். நம்மூர் விசைப்படகுக்காரர்கள் வலையை இழுத்துப்போகும் ட்ராலிங் வேறு, இது வேறு. இதில் வலையே கிடையாது. படகை மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஓட்டிக்கொண்டு, பின்னால் தூண்டிலை இழுத்துப்போக வேண்டும். தூண்டில் அறுபது மீட்டர் ஆழத்துக்குப் போக, டவுன்ரிகர் என்ற சின்னக் கப்பியில் எஃகுக் கம்பி கட்டி, அதன் நுனியில் கனமான ஈயக்குண்டைத் தொங்கவிடுவார்கள். தூண்டில் நரம்பை அந்தக் குண்டோடு ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். மீன் கடித்ததும் கிளிப் விட்டுவிடும். அதுவரை மனிதர்களுக்கு வேலை இல்லை. பேசிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஒன்று மாட்டியது. மூன்று கிலோ இருக்கும். சாம்பல் பச்சை உடம்பு, வெளிறிய புள்ளிகள், பிளந்த வால். உள்ளூரில் மேக்கினா என்பார்கள். "இது இந்த ஊர் மீன் இல்ல, தெரியும்ல?" என்றான் நண்பன். தெரியாது. வீட்டுக்கு வந்து பல ராத்திரி படித்த பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாஹோவின் சொந்த மீன் லஹோன்டன் கட்த்ரோட். தாடைக்கு அடியில் கத்தியால் கீறியதுபோல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதனால் அந்தப் பெயர். வாஷோ பழங்குடிகள் கோடைதோறும் ஏரிக்கரைக்கு வந்து பிடித்துச் சாப்பிட்டது இந்த மீனைத்தான். தாஹோவிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு ட்ரக்கி. அது நெவாடா பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் போய் முடிகிறது. அங்கே பையூட் பழங்குடிகளுக்கும் இதே மீன்தான் சோறு. 1844 ஜனவரியில் ஜான் ஃப்ரீமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி அங்கே வந்தபோது, அவர்கள் கொண்டுவந்த மீனின் பருமனைப் பார்த்து வியந்து, ஆற்றுக்கே 'சால்மன் ட்ரவுட் ஆறு' என்று பெயர் வைத்தார். அடுத்த மாதம் மலை மேலிருந்து தாஹோவையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு நூறு வருஷம்கூட அந்த மீன் தாங்கவில்லை. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கிடைத்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கத் தாஹோ கரைக் காடுகளை வெட்டினார்கள். மரத்தூள் ஆற்றை அடைத்தது. 1868இல் ட்ரக்கி ஊருக்கு ரயில் வந்ததும், மீன் பெட்டி பெட்டியாக சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போக ஆரம்பித்தது. 1905இல் ட்ரக்கி ஆற்றின் குறுக்கே டெர்பி அணை கட்டி, தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பினார்கள். பிரமிட் ஏரி இறங்கிக்கொண்டே போனது, மீன் முட்டையிட ஆற்றில் ஏற வழியில்லாமல் போயிற்று. 1925இல் அதே ஏரியில் 41 பவுண்டு, அதாவது பதினெட்டரை கிலோவுக்கும் மேல், ஒரு கட்த்ரோட் பிடிபட்டது. இன்றுவரை உலக சாதனை அதுதான். ஆனால் 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டு ஏரிகளிலுமே அந்த இனம் இல்லை.

மேக்கினா வந்தது இந்தக் கதையின் நடுவில். குறைந்துபோன மீனை ஈடுகட்ட, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கே பெரிய ஏரிகள் பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்த பழக்கம்தான் இது. நம் நீலகிரி அவலாஞ்சியில் ட்ரவுட் வளர்த்ததும் அதே பழக்கத்தில்தான். மேக்கினா கட்த்ரோட் குஞ்சுகளைத் தின்றது. மிச்சம் இருந்ததும் போனது.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1963 முதல் 1965 வரை, மேக்கினாவும் மற்ற மீன்களும் நன்றாகக் கொழுக்கட்டும் என்று மைசிஸ் என்ற சின்ன இறால் வகையை ஏரியில் விட்டார்கள். ஏரியைத் தெளிவாக வைத்திருந்த டாஃப்னியா என்ற நுண்ணுயிரை அந்த இறால் தின்று தீர்த்தது. சில வருஷங்களுக்குள் டாஃப்னியா ஏரியில் அநேகமாக மறைந்துவிட்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு மேக்கினா மேல் கோபம்தான் வந்தது. பிறகு அதன் சொந்த ஊர்க் கதையைப் படித்தேன். மிச்சிகன் ஏரிக்கும் ஹ்யூரான் ஏரிக்கும் நடுவில் உள்ள மேக்கினா ஜலசந்தியின் பெயர்தான் இதற்கு. கப்பல் போகக் கால்வாய் வெட்டியதால், கடல் லாம்ப்ரே என்ற ரத்தம் உறிஞ்சும் பிராணி உள்ளே ஏறி, 1930களில் மிச்சிகன் ஏரிக்கு வந்து சேர்ந்தது. 1950களின் நடுவில் அந்த ஏரியில் ஒரு மேக்கினா கிடையாது. ஆனால் 1890இல் யெல்லோஸ்டோன் பக்கம் லூயிஸ் ஏரியில் மிச்சிகன் மீன்களைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அங்கே அந்த வம்சம் பிழைத்துக் கிடந்தது. அதன் வாரிசுகளைத்தான் பிற்பாடு சொந்த ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

ஆக, ஒரே மீனுக்கு மூன்று இடத்தில் மூன்று நியாயம். மிச்சிகனில் அதை மீட்கப் பல பத்தாண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். யெல்லோஸ்டோன் ஏரியில் பிடித்தால் கட்டாயம் கொல்ல வேண்டும், அங்கே அது கட்த்ரோட்டை அழிக்கும் எதிரி. தாஹோவில் அது சுற்றுலாக்காரர்களின் பரிசு. மீன் எங்கேயும் மீன் வேலையைத்தான் பார்த்தது. அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நாம்தான்.

கட்த்ரோட்டுக்கும் ஒரு லூயிஸ் ஏரி இருந்தது. 1970களின் இறுதியில் நெவாடா–யூட்டா எல்லையில் பைலட் பீக் மலையின் சின்ன ஓடை ஒன்றில், யாரோ எப்போதோ கொண்டுபோய் விட்ட கட்த்ரோட் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, அசல் வம்சம்தான் என்று உறுதி செய்தார்கள். 2006 முதல் பிரமிட் ஏரியில் அதை விடுகிறார்கள். 2014இல் அவை ட்ரக்கி ஆற்றில் ஏறித் தாமாகவே முட்டையிட்டன. தாஹோவிலும் முயற்சி நடக்கிறது, ஆனால் அங்கே மேக்கினா காத்திருக்கிறது.

அன்றைக்குப் படகில் அந்த மீனை வைத்துக்கொண்டு, விடுவதா எடுத்துப்போவதா என்று கொஞ்ச நேரம் பேசினோம். எடுத்துப்போனோம். மிளகாய்த்தூள் தடவி வறுத்தோம், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த குளிர்காலம் பிரமிட் ஏரிக்குப் போகலாம் என்கிறான் நண்பன். அங்கே தூண்டில் போட, அரசாங்கத்திடம் அல்ல, பையூட் பழங்குடியினரிடம்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். "அதுக்கும் காசு கட்டணுமா?" என்று போன வருஷமாக இருந்தால் கேட்டிருப்பேன்.