இரையோடு வந்த வைரஸ்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணை எழும்பியபோது சால்மன் மீன்களுக்கு வழி அடைபட்டது. மீன் ஏறிப்போக அதில் படிக்கட்டே வைக்கவில்லை. ஈடாக, 1939 முதல் கீழே ராக் ஐலண்ட் அணையில் மீன்களைப் பிடித்து, லாரிகளில் ஏற்றி வேறு கிளையாறுகளில் விட்டார்கள். 1940-இல் லெவன்வொர்த்தில் பெரிய குஞ்சு பொரிப்பகம் ஒன்றும் இயங்கத் தொடங்கியது.

1950-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரப் பொரிப்பகங்களில் சாக்கை சால்மன் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. உடல் கறுத்தது, கண் பிதுங்கியது, வயிறு உப்பியது. துடுப்புகளின் அடியில் ரத்தம் கட்டியது. வெள்ளை நூல்போல் கழிவு நீளமாகத் தொங்கியது. நோயுற்ற குஞ்சுகளை அரைத்து, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்த சாற்றை நல்ல குஞ்சுகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள் ராபர்ட் ரக்கரும் உடன் பணியாற்றியவர்களும். அவையும் செத்தன. வைரஸ்தான் காரணம் என்பது தெளிவாயிற்று.

அது எப்படித் தொட்டிக்குள் வந்தது? பொரிப்பகமே ஊட்டியது. பெரிய சால்மன்களின் குடலையும் சதையையும் பச்சையாக அரைத்துக் குஞ்சுகளுக்கு இரையாகப் போடுவது அன்றைய வழக்கம். செலவு குறைவு, கழிவும் வீணாகாது. தாய்மீனின் உடலில் வெளியே தெரியாமல் இருந்த வைரஸ் நேராகக் குஞ்சின் வாய்க்குள் போனது. மீன் காசநோயும் இதே வழியில்தான் பரவியது. நுண்ணுயிரைச் சூட்டில் கொன்ற மீனைக் கொண்டு செய்த ‘ஆரிகன் ஈர உருண்டை’ தீவனம் வந்த பிறகே இந்த வாசல் அடைபட்டது.

இன்னொரு வாசல் திறந்தே இருந்தது. சினைமீனின் சூல்நீரில் வைரஸ் இருக்கும். பிழிந்தெடுக்கும் முட்டையின் மேல் அது ஒட்டிக்கொள்ளும். முட்டைகள் கடல் கடந்து விற்பனைக்குப் போனபோது வைரஸும் கூடவே போனது. அலாஸ்காவிலிருந்து சென்ற சாக்கை முட்டைகள் வழியாக ஜப்பானின் ஹொக்கைடோவுக்குள் அது நுழைந்தது. 1970-களில் அங்கும் குஞ்சுகள் மடிந்தன.

அலாஸ்கா கண்ட தீர்வில் மருந்து எதுவும் இல்லை. மீன் நடமாட்டமில்லாத சுத்தமான நீர், முட்டைக்கும் கருவிக்கும் அயோடின் கழுவல், ஒரு தாய்க்கூட்டத்தின் முட்டை மற்றதோடு கலக்காத தனித்தனித் தொட்டி: 1980-களிலிருந்து இந்த மூன்றையும் அங்கே கட்டாயமாக்கினார்கள். ஒரு தொட்டியில் நோய் கண்டால் அந்தத் தொட்டிக் குஞ்சுகளை மட்டும் அழித்தால் போதும். நோய் பிடித்த குஞ்சுகளைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.