கட்டிலுக்கு அடியில் ஒரு பாய்

மனநோய் மருத்துவமனை என்றால் உயரமான மதிலும் பூட்டிய கதவும்தான் பலருடைய நினைவுக்கு வரும். சிதம்பரத்தில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு முதலில் தோன்றுவது, கட்டிலுக்கு அடியில் விரித்த கோரைப்பாய். அம்மாவோ அண்ணனோ மனைவியோ அதில் படுத்திருப்பார்கள். அந்தப் பாய் வார்டுக்குள் வந்துசேர நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சென்னை மாகாணத்தில் மனநோயாளிகளுக்கென்று முதலில் வந்தது தனியார் விடுதிதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர்களில் ஒருவர் வாலண்டைன் கனோலி. 1794இல் சென்னை புரசைவாக்கத்தில் அவர் அதைத் தொடங்கினார். கம்பெனி பணம் கொடுத்தது, டாக்டர் பார்த்துக்கொண்டார். விடுதி கைமாறி டால்டன் என்ற டாக்டரிடம் வந்தபோது அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிய இடம் டாக்டரின் சொத்து, அவர்களுடைய பராமரிப்பு அவருக்கு வருமானம். 1871இல் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்தில் 145 பேருடன் அரசு மருத்துவமனை திறந்தது. வசதி கூடியது. சொந்தக்காரர்கள் மட்டும் வாசலோடு நின்றார்கள்.

எங்கள் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து ஒருவரை அங்கே சேர்ப்பது பெரும்பாடு. 1858ஆம் வருஷத்துச் சட்டமும் பிறகு 1912ஆம் வருஷத்துச் சட்டமும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவைக் கேட்டன. எந்தக் குற்றமும் செய்யாதவர்களைக்கூட மனநோய்க்காகச் சிறையில் வைத்திருந்த வழக்கம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1993இல், ஷீலா பர்சே வழக்கில்தான். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மாற்றம் இரண்டு பக்கமிருந்து வந்தது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசைன் மனநோய்க்கு மருந்தானது. அதே பத்தாண்டில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் சொந்தக்காரர் உடன் தங்குவதே முறையாயிற்று. மருந்து நோயைத் தணிக்க, பக்கத்திலிருந்தவர் வீடு திரும்பும் வழியைத் திறந்துவைத்தார். சின்ன ஊர்களில் பத்துக் கட்டிலோடு தனியார் மனநல மருத்துவமனைகள் நடக்க முடிந்தது இதனால்தான்.

எங்கள் சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. சென்னைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்க்கொண்டிருந்த எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு மனநல டாக்டர் உள்ளூரிலேயே கிடைத்தார். மற்ற நோயாளிகள் வரும் அதே ஆஸ்பத்திரி என்பதால் கூச்சமும் பாதி குறைந்தது.

வார்டில் நாங்கள் குறிப்பேட்டில் எழுதியதைவிடக் கூட இருந்தவர்கள் சொன்னதுதான் டாக்டருக்கு அதிகம் உதவியது. ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தான், மாத்திரையை நாக்கின் அடியில் ஒதுக்கினானா, தனக்குத்தானே பேசுவது குறைந்ததா என்று அவர்களுக்குத் தெரியும். வீடு போனவர்களுக்கு மாசம் ஒரு ஊசி. புவனகிரி, சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பஸ்களில் வந்து இறங்குவார்கள். நடவு நேரத்தில் ஊசி தவறும், அடுத்த மாதமே சிலர் மறுபடி படுக்கைக்கு வருவார்கள். சோம்பல் என்று அவர்களைத் திட்டிய யாரையும் நான் விட்டதில்லை. அன்றைய கூலி போனால் அடுப்பு எரியாது. தோட்டை அடகு வைத்துப் படுக்கைக் கட்டணம் கட்டிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். நாலாவது தடவை அடகு வைக்க என்ன இருக்கும்?

அப்படி வழியற்றுப் போனவர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோனார்கள். நம்பிக்கையோடு போனவர்கள்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றிலும் முளைத்த தனியார் காப்பகங்களே கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். யாரோ ஒருவரின் இடம், தலைக்கு இவ்வளவு என்று பணம்: கனோலியின் விடுதியில் இருந்த அதே ஏற்பாடு, டாக்டர் மட்டும் இல்லை.

தனியார் காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்த பிறகே அது உயிர்பெற்றது. 2017ஆம் வருஷத்துச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி தருவதையும் தடுத்தது. வயது வராத பிள்ளையைச் சேர்த்தால் உடன் ஒருவர் எப்போதும் தங்கியே ஆக வேண்டும் என்கிறது. பெரியவர்களுக்கும் அந்த உரிமையைக் கட்டாயமாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் அரசு வசமானது. மாணவர்கள் கட்டணத்துக்கு எதிராகப் போராடிய பின், 2021இல் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்குப் போய்க் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. நோயாளிகளுக்குப் படுக்கைக் கட்டணம் தீர்ந்தது, பஸ் தூரமும் ஒருநாள் கூலியும் தீரவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் வருகிறார்கள். என்னிடம் வழி கேட்டு வரும் குடும்பங்களுக்கு, எந்தக் கிழமை எந்த ஊர் என்று விசாரித்து எழுதிக் கொடுக்கிறேன்.