தென் கூட்டமைப்பு ரயில்வேயின் இரும்புத் தேட்டம் (1861–1865)

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பாகத் திரண்ட 11 தென் மாநிலங்கள், கடல் முற்றுகைக்குள் இருந்தபடி தம் இருப்புப்பாதைகளை நான்கு ஆண்டுகள் ஓட்டிவந்தன. அதற்கு வேண்டிய தண்டவாளம், எஞ்சின், மசகு எண்ணெய் ஆகியவற்றை அவை தேடிக்கொண்ட முறைகளை இக்கட்டுரை விவரிக்கிறது. இக்காலத்தில் தெற்கில் புதுத் தண்டவாளம் உருட்டப்படவில்லை என்றே சொல்லலாம். முக்கியம் குறைந்த பாதையைப் பெயர்த்து முக்கியமான பாதையில் இடுவதே பிரதான வழியாக இருந்தது. இந்த நெருக்கடிக்கு முற்றுகை தொடக்கக் காரணம். அதை முற்ற வைத்தது, கையிலிருந்த இரும்பைப் பங்கிட்ட முறை.

தொடக்க வரலாறு

தெற்கின் முதல் நீண்ட இருப்புப்பாதை தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சவானா ஆற்றங்கரையிலுள்ள ஹாம்பர்க் வரை போடப்பட்டது. 1833இல் முடிந்தபோது அதன் நீளம் 136 மைல். உலகிலேயே மிக நீண்ட ரயில் பாதை அப்போது அதுதான். 1830இல் இப்பாதையில் ஓடத் தொடங்கிய ‘பெஸ்ட் ஃபிரண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற எஞ்சின் நியூயார்க்கிலுள்ள வெஸ்ட் பாயின்ட் வார்ப்பாலையில் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே கொதிகலன் வெடித்து அது அழிந்தது. எஞ்சினுக்கு வடக்கை நம்பியிருக்கும் வழக்கம் முதல் வண்டியிலேயே தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் பிலடெல்பியாவின் பால்ட்வின், நாரிஸ் பட்டறைகளும் நியூ ஜெர்சியில் பேட்டர்சன் நகரின் ரோஜர்ஸ் பட்டறையும் தெற்குக்கு எஞ்சின்களை அனுப்பின. தண்டவாளத்தில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது.

சார்ல்ஸ்டன் பாதையின் தலைமைப் பொறியாளர் ஹொரேஷியோ ஆலன், தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி அகலம் வைத்தார். பின்னால் வந்த ஜார்ஜியா, அலபாமா, டென்னசி பாதைகள் பெரும்பாலும் அதையே பின்பற்றின. வட கரோலினாவிலும் வர்ஜீனியாவின் பல பாதைகளிலும் 4 அடி 8½ அங்குல அகலம் நிலைத்தது. அகலம் மாறும் ஊர்களில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றவேண்டும். பின்னாளில் கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டிலோ வெவ்வேறு கம்பெனிகளின் நிலையங்களை இணைக்கப் பாதையே இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கிய மூட்டை குதிரை வண்டியில் தெருக்களைக் கடந்துதான் அடுத்த நிலையத்தை அடைந்தது.

1861இல் தெற்கில் ஏறக்குறைய 9,000 மைல் பாதை இருந்தது. வடக்கில் 20,000 மைலுக்கு மேல். தெற்கின் பாதைகள் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே போடப்பட்டவை. கடலை நோக்கி ஓடியவை அதிகம். மாநிலத்தையும் மாநிலத்தையும் இணைத்தவை குறைவு. அவற்றைப் போட்டதிலும் பராமரித்ததிலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பே முதன்மையானது. மண் வெட்டியது, கட்டை அறுத்தது, போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சுமந்தது என எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. நிர்வாக ஆவணங்களில் அவர்கள் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றனர். பெயர்கள் கிடைப்பது அரிது.

தண்டவாள வகைகள்

போருக்கு முன் தெற்கில் மூன்று வகைத் தண்டவாளங்கள் இருந்தன.

பட்டை வகை: நீளமான மரச் சட்டங்களின்மேல் தட்டையான இரும்புப் பட்டையை ஆணியால் அறைந்தது. மிகப் பழையது, மலிவானது. ஆணி தளர்ந்தால் பட்டையின் நுனி மேலே எழும்பிப் பெட்டியின் அடித்தளத்தைக் குத்திக் கிழித்துவிடும். வர்ஜீனியாவின் வின்செஸ்டர்–பொட்டோமாக் பாதை போர் தொடங்கியபோதும் இவ்வகைப் பட்டையில்தான் ஓடியது.

யு வகை: கவிழ்த்த யு எழுத்து வடிவிலானது. பட்டையைவிட வலுவானது, டி வகை பரவியபின் மதிப்பிழந்தது.

டி வகை: அகன்ற அடியும் உருண்ட தலையும் கொண்டது. 1850களில் போடப்பட்ட பாதைகள் பெரும்பாலும் இவ்வகையின. கஜத்துக்கு 50 பவுண்டு எடையுள்ள டி தண்டவாளம் என்றால், ஒரு மைல் பாதைக்கு இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 79 டன் இரும்பு வேண்டும்.

இவை எஃகு அல்ல, தேனிரும்பு. பளு வண்டிகள் ஓடும்போது தலைப்பகுதி அடுக்கடுக்காக உரியும். தேய்ந்த தண்டவாளத்தைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தை உபயோகிப்பது முதல் நிலை மராமத்து. அதுவும் தேய்ந்தால் உருட்டாலைக்கு அனுப்பி, உலையில் பழுக்கக் காய்ச்சி, மீண்டும் உருட்டி எடுப்பார்கள். போருக்குச் சற்று முன் தொடங்கிய அட்லாண்டா உருட்டாலை இந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டது.

முற்றுகையும் உருட்டாலைகளும்

அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1861 ஏப்ரல் 19 அன்று தென் துறைமுகங்களை முற்றுகையிட ஆணையிட்டார். அன்றோடு வடக்கிலிருந்து எஞ்சினும் பிரிட்டனிலிருந்து தண்டவாளமும் வருவது அற்றுப்போனது. முற்றுகையை ஊடுருவிய வேகக் கப்பல்கள் நாசோ, பெர்முடா துறைகளிலிருந்து வில்மிங்டனுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் வந்தன. ஆனால் எடைமிகுந்த தண்டவாளம் அவற்றுக்கு ஏற்ற சரக்கு அல்ல. துப்பாக்கி, மருந்து, துணி, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றுக்கே இடம் போதவில்லை. 1864 தொடக்கத்தில் கூட்டமைப்பு அரசு கப்பலின் பாதி இடத்தைத் தனக்கென ஒதுக்கச் சொன்னபோதும் ரயில்வேக்குக் கிடைத்த பங்கு சொற்பமே.

உள்நாட்டில் தண்டவாளம் உருட்டக்கூடிய பெரிய ஆலைகள் இரண்டு: ரிச்மண்டில் ஜோசப் ஆண்டர்சனின் ட்ரெடிகர் இரும்பாலை, மற்றது அட்லாண்டாவில். 1863இல் ரயில்வே அதிகாரிகள் போட்ட கணக்கின்படி தேய்மானத்தை ஈடுகட்ட ஆண்டுக்கு 49,500 டன் தண்டவாளம் வேண்டும். இவ்விரு ஆலைகளும் முழுநேரமும் தண்டவாளமே உருட்டினால்கூட 20,000 டன்தான் கிடைக்கும். அதுவும் கிடைக்கவில்லை. ட்ரெடிகர் பீரங்கி வார்த்தது. போர் முடிவதற்குள் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பீரங்கிகள் உருவாயின. அட்லாண்டா ஆலை கப்பல் கவசத் தகடு உருட்டியது. ஒவ்வொரு துறையும் தன் தேவையே முதன்மை என்று வாதாடியது. படையும் பீரங்கியும் உணவும் ரயிலில்தான் போகவேண்டும் என்ற உண்மை இந்தப் போட்டியில் பின்தள்ளப்பட்டது.

அலபாமாவின் ஷெல்பி போன்ற ஊதுலைகளிலிருந்து வார்ப்பிரும்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஜோசையா கோர்காஸின் படைக்கலத் துறையும், ஐசக் செயின்ட் ஜான் தலைமையிலான வெடியுப்பு–சுரங்கத் துறையும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

தண்டவாளம் பெயர்ப்பு

1863 ஜனவரியில் போர்த்துறை ஓர் இரும்பு ஆணைக்குழுவை அமைத்தது. அதன் முக்கிய உறுப்பினர் பொறியாளர் சார்ல்ஸ் கார்னெட். எந்தப் பாதை இல்லாமல் சமாளிக்கலாம், அதன் தண்டவாளத்தை எங்கே கொண்டுபோகலாம் என்று பட்டியலிடுவது குழுவின் பணி. கிளைப் பாதைகள், பகைவர் கைப்பற்றிய துறைமுகத்தோடு முடியும் பாதைகள், பாதியில் நின்ற பாதைகள் ஆகியவை முதலில் குறிவைக்கப்பட்டன.

இதன் பெரும் பயன் வர்ஜீனியாவின் டான்வில்லிலிருந்து வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ வரை போடப்பட்ட சுமார் 48 மைல் பீட்மான்ட் பாதை. 1862 பிப்ரவரியில் இதற்குக் கூட்டமைப்பு நாடாளுமன்றம் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. பணத்தைவிட அரிதாக இருந்தது தண்டவாளமே. ரோனோக் வேலி, ரிச்மண்ட்–யார்க் ரிவர் போன்ற பாதைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்த இரும்பால் 1864 மே மாதம் வண்டி ஓடியது. கடலோரத்துக்கு அருகிலிருந்த வெல்டன் பாதையை அவ்வாண்டு ஆகஸ்டில் ஒன்றியப் படை பீட்டர்ஸ்பர்க் அருகே துண்டித்தபின், ரிச்மண்டுக்குத் தெற்கிலிருந்து உணவு வந்த முக்கிய வழி இதுவே.

புளோரிடாவில் நடந்தது வேறு கதை. ஃபெர்னாண்டினாவிலிருந்து சீடர் கீ வரை சென்ற புளோரிடா ரயில்வேயின் தலைவர் டேவிட் யூலி. போருக்கு முன் அமெரிக்க செனட் உறுப்பினர். 1862 மார்ச்சில் ஃபெர்னாண்டினா ஒன்றியத்தின் கைக்குப் போனபின் அவரது பாதையின் பெரும்பகுதி பயனற்றுக் கிடந்தது. அத்தண்டவாளத்தைக் கொண்டு புளோரிடாவின் லைவ் ஓக்கையும் ஜார்ஜியாவின் லாட்டனையும் இணைத்தால் புளோரிடாவின் மாட்டிறைச்சி படைகளுக்கு விரைவாகச் சேரும். யூலி மறுத்தார், மாநில நீதிமன்றத்தில் தடையுத்தரவும் பெற்றார். ராணுவம் அதைப் பொருட்படுத்தாமல் பெயர்த்தது. வழக்கும் இழுபறியும் தின்ற காலத்தால் அந்த இணைப்பு முடிந்தது 1865 மார்ச்சில். போர் முடிய ஒரு மாதமே இருந்தது.

கவசக் கப்பல்களுக்குப் போன தண்டவாளம்

பெயர்த்த இரும்பு முழுவதும் பாதைக்கே திரும்பவில்லை. கடற்படை அதற்குப் பெரும் போட்டியாக நின்றது. மிசிசிப்பி மாநிலத்தின் யாசூ ஆற்றங்கரையில் கடற்படை அதிகாரி ஐசக் பிரவுன் கட்டி முடித்த ‘ஆர்கன்சா’ கப்பலுக்கு உருட்டிய தகடு கிடைக்காததால் தண்டவாளங்களையே பக்கவாட்டில் அடுக்கிப் பிணைத்தார்கள். தோட்டங்களிலிருந்து கொல்லுலைகளை இரவல் வாங்கி, தண்டவாளத்தில் ஒவ்வொன்றாகத் துளையிட்டு வேலை நடந்தது. 1862 ஜூலையில் ஒன்றியக் கப்பல்களை ஊடறுத்துச் சென்ற அக்கப்பலை, எஞ்சின் பழுதானதால் ஆகஸ்டில் அதன் மாலுமிகளே எரித்தனர்.

வட கரோலினாவில் ரோனோக் ஆற்றோரச் சோளக்கொல்லை ஒன்றில் கில்பர்ட் எலியட் கட்டிய ‘ஆல்பமார்ல்’ கப்பலுக்கு இரும்பு தேடி அலைந்தவர் கேப்டன் ஜேம்ஸ் குக். பழைய தண்டவாளம் எங்கே கிடந்தாலும் கேட்டு வாங்கி ட்ரெடிகருக்கு அனுப்பினார். அது 2 அங்குலத் தகடாகத் திரும்பி வந்தது. 1864 ஏப்ரலில் பிளிமத் நகரை மீட்க உதவிய அக்கப்பலை அவ்வாண்டு அக்டோபரில் ஒன்றியக் கடற்படையின் வில்லியம் குஷிங் வெடிவைத்து மூழ்கடித்தார். சவானாவின் ‘ஜார்ஜியா’, ஷ்ரீவ்போர்ட்டின் ‘மிசோரி’ ஆகியவையும் ரயில் இரும்பையே கவசமாக அணிந்தன.

எஞ்சின்களும் மற்றப் பொருள்களும்

1861 ஜூனில் கூட்டமைப்புத் தளபதி தாமஸ் ஜாக்சனின் படை வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் பால்டிமோர்–ஒஹாயோ ரயில்வேயின் எஞ்சின்கள் பலவற்றை எரித்தது. எரிந்தும் உருப்படியாக இருந்தவற்றை மீட்கும் பொறுப்பு தாமஸ் ஷார்ப் என்ற ரயில்வே அதிகாரிக்குக் கிடைத்தது. இணைப்புத் தண்டுகளைக் கழற்றி, கரிப்பெட்டியைப் பிரித்து, முன்பக்கத்துக்கு மரச் சக்கரம் பொருத்தி, சுமார் 40 குதிரைகளைப் பூட்டி, எஞ்சினைச் சாலை வழியாகவே ஸ்ட்ராஸ்பர்க் வரை இழுத்தார்கள். ஏற்றத்தில் குதிரைகளோடு ஆட்களும் வடம் பிடித்தனர். இப்படி 14 எஞ்சின்கள் தெற்குக்குப் போயின. போருக்குப்பின் அதே பால்டிமோர்–ஒஹாயோ ரயில்வே ஷார்ப்பை வேலைக்கு அமர்த்திக்கொண்டது. அந்த ரயில்வேயின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. மனாசஸ் சந்திப்பிலிருந்து சென்டர்வில் முகாம் வரை 1861–62 குளிர்காலத்தில் போடப்பட்ட ராணுவப் பாதைக்கு அவை பயன்பட்டன.

மசகுக்கு முன்பு திமிங்கில எண்ணெய் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் பன்றிக் கொழுப்பு, வேர்க்கடலை எண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றை அச்சுகளுக்கு இட்டனர். கொல்லர்களும் ஃபிட்டர்களும் படைக்குப் போய்விட்டதால் பட்டறைகளில் கைதேர்ந்தவர்கள் அருகினர். வண்டிகளின் வேகம் மணிக்கு 10 மைலுக்கும் கீழே போனது.

நிர்வாகம்

ரயில்வே ஒருங்கிணைப்புக்கு வில்லியம் ஆஷ், வில்லியம் வாட்லி, ஃபிரடரிக் சிம்ஸ் ஆகியோர் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றனர். திறமைசாலியான வாட்லியின் நியமனத்தைக் கூட்டமைப்பின் செனட் ஏற்க மறுத்தது. 1863 செப்டம்பரில் நேர்வழியிலிருந்த நாக்ஸ்வில் பறிபோனதால், ஜெனரல் லாங்ஸ்ட்ரீட்டின் சுமார் 12,000 வீரர்களைக் கரோலினாக்கள் வழியாக ஏறக்குறைய 900 மைல் சுற்றி ஜார்ஜியாவின் சிக்கமாகா போர்க்களத்துக்குக் கொண்டுசேர்த்தது சிம்ஸின் பெரிய சாதனை. தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த அரசு கடைசிவரை தயங்கியது. ரயில்வேயை முழுமையாக ராணுவத்தின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் 1865 பிப்ரவரியில் வந்தபோது ஆளுவதற்குப் பாதைகளே அதிகம் எஞ்சவில்லை.

முடிவு

1864 கோடையிலிருந்து ஒன்றிய ஜெனரல் ஷெர்மனின் படை ஜார்ஜியாவில் தண்டவாளங்களை நெருப்பில் காய்ச்சி முறுக்கிப் போட்டது. வளைந்ததை நிமிர்த்தலாம், முறுக்கியதை உருட்டாலையில் கொடுத்தால்தான் சரியாகும். அட்லாண்டா ஆலையும் போயிற்று. செப்டம்பர் 1 இரவு அட்லாண்டாவைக் கைவிட்ட கூட்டமைப்பு ஜெனரல் ஹூட்டின் படை, ஆலையருகே நின்ற தன் வெடிமருந்து ரயிலையே கொளுத்தியதில் அது தரைமட்டமானது. 1865 ஜனவரி 15 அன்று ஃபிஷர் கோட்டை விழுந்து வில்மிங்டன் துறையும் மூடியது. ஏப்ரல் 2 இரவு கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் ரிச்மண்டை விட்டு ரயிலில் டான்வில்லுக்குப் புறப்பட்டார்.

ஜார்ஜியாவில் தானியம் இருந்தும் வர்ஜீனியாவில் படை பட்டினி கிடந்தது. ரிச்மண்டில் 1863 ஏப்ரல் 2 அன்று பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினர். உணவு விளையாததைவிட, விளைந்தது வந்துசேராததே இந்தத் துயரத்தில் பெரும்பங்கு. இருந்த இரும்பில் ஒரு நியாயமான பங்கைத் தண்டவாளத்துக்கு முதலிலேயே ஒதுக்கியிருந்தால் இதைப் பெருமளவு குறைத்திருக்கலாம்.

பிற்கால நிகழ்வுகள்

தெற்கின் 5 அடிப் பாதைகள் 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் 4 அடி 9 அங்குலத்துக்கு மாற்றப்பட்டன. போர்க்கால இரும்புத் தேவைக்காகப் பாதையைப் பெயர்ப்பது பின்வந்த போர்களிலும் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மதுரை–போடிநாயக்கனூர் பாதை பெயர்க்கப்பட்டு 1950களில் மீண்டும் போடப்பட்டது. மொரப்பூர்–ஓசூர் குறும்பாதையும் அப்போது மூடப்பட்டது. ட்ரெடிகர் ஆலை இன்று அருங்காட்சியகம். ‘ஜார்ஜியா’வின் கவசத் துண்டுகள் 2015இலிருந்து சவானா ஆற்றிலிருந்து மீட்கப்பட்டன.