முதல் எண் பெற்ற சிவப்பு முக்கோணம்

புதிதாகத் தொழில் தொடங்கும் பலர் பெயர் வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். வணிகச் சின்னத்தைப் (டிரேட் மார்க்) பதிவு செய்வது ஏன் அவசியம் என்பதை இங்கிலாந்தின் வரலாறு சொல்கிறது.

1777-இல் வில்லியம் பாஸ் என்பவர் பர்ட்டன் நகரில் பீர் ஆலை தொடங்கினார். பாஸ் பீர் புகழ்பெற, போலி லேபிள்களும் பெருகின. போலிக்காரர் மீது வழக்குப் போட்டால், சின்னம் தன்னுடையதுதான் என்பதையும், மக்கள் அதைப் பார்த்தே சரக்கு வாங்குகிறார்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக நிரூபிக்க வேண்டும். ஏனெனில் அன்று அரசிடம் பதிவேடு கிடையாது.

1875-இல் பதிவுச் சட்டம் வந்தது. 1876 ஜனவரி 1 அன்று பாஸின் சிவப்பு முக்கோணம் முதல் எண்ணோடு பதிவானது. அதன்பின் பதிவே உரிமைக்குச் சாட்சி. மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய சட்டம் 1940-இல்தான் வந்தது. அதுவரை நம் வணிகர்களுக்கும் அதே பாடுதான்!