பழ ஈ: உடற்பிறழ்வும் பால் அறிதலும்

சாந்தோம் நெடுஞ்சாலைத் தள்ளுவண்டியில் கனிந்து கறுத்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீ, டுரோசோபிலா. நீளம் 3 மில்லிமீட்டருக்குள். கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களில் ரவையும் வெல்லமும் அகரும் சேர்த்துக் காய்ச்சிய உணவில், வாயில் பஞ்சடைத்த புட்டிகளில் இதை வளர்க்கிறார்கள்.

ஈதரில் மயக்கி, வெள்ளைத் தாளில் கொட்டி, தூரிகை நுனியால் புரட்டினால் ஆண் பெண் தெரியும். பெண் சற்றுப் பெரிது. வயிறு கூர்ந்து, கோடுகள் கடைசிவரை ஓடும். மெலனோகாஸ்டர் இனத்து ஆணுக்கு வயிற்று நுனி உருண்டு கறுத்திருக்கும். அப்போதுதான் கூட்டிலிருந்து வெளிவந்த ஆணுக்கு அந்தக் கறுப்பு ஏறியிருக்காது. மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். முன்னங்காலில் கறுத்த முட்கள் வரிசையாக நிற்கும் ‘பால் சீப்பு’ ஆணுக்கு மட்டுமே உண்டு. அதை நம்புவதே நல்லது. தென்னிந்தியாவில் மலிந்த அனனாசே இனத்தில் ஆணின் வயிறும் வெளிர்தான். அங்கே சீப்புதான் கைகொடுக்கும்.

1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் புட்டியில் வெண்கண் ஆண் ஒன்று பிறந்தது. இயல்பான கண் சிவப்பு. அதன் வழிவந்த வெண்கண் பெண்ணைச் செங்கண் ஆணோடு சேர்த்தால் மகன்கள் வெண்கண், மகள்கள் செங்கண். வயிற்றைப் பார்க்காமலே பாலைச் சொல்லிவிடலாம்! ஆனால் அரிதாக வெண்கண் மகளும் பிறந்தாள். அந்த விதிவிலக்கை மார்கனின் மாணவர் கால்வின் பிரிட்ஜஸ் விடாமல் துரத்தினார். அவளிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் ஒரு ஒய் குரோமோசோமும் இருந்தன. ஒய் இருந்தும் அவள் பெண். ஆகவே ஈயில் ஆண்மையைத் தீர்மானிப்பது ஒய் அல்ல. 1916இல் வெளியான இந்த ஆய்வு, மரபியலின் மிக அழகான வாதங்களுள் ஒன்று.

இன்னும் வியப்பானது ஒரு பாதி ஆணும் மறுபாதி பெண்ணுமான ஈ. பெண்ணாக வளரவேண்டிய கருவில், தொடக்கச் செல்பிரிவின்போது ஒரு செல் தன் எக்ஸ் ஒன்றை இழந்தால் அதன் வழித்தோன்றல்கள் ஆணாகின்றன. ஒரு முன்னங்காலில் சீப்பு இருக்கும், மற்றதில் இருக்காது. ஈயின் உடலில் ஒவ்வொரு செல்லும் தன் பாலைத் தானே முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தத் தடத்தை ஆழப்படுத்தியவர், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒபைத் சித்திகி. மரபியலாளர் சீமோர் பென்சருடன் சேர்ந்து அவர் 1976இல் வெளியிட்ட ஆய்வில் வரும் ஈக்களுக்குத் தோற்றத்தில் ஒரு குறையும் இல்லை. சூடேறினால் மட்டும் சுருண்டு விழும். பிறழ்ந்த மரபணுக்கள் எக்ஸில் இருந்தன. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் குறை அதனிடம் மறையாமல் வெளிப்பட்டது. அவற்றுள் ‘கோமடோஸ்’ என்று பெயரிட்ட மரபணு, நரம்பு முனைகளில் செய்தி கடக்க உதவும் என்எஸ்எஃப் புரதத்துக்கு உரியது என்பது 1990களில் தெரியவந்தது.